காதுக்குள் வந்த புதுக் குரல்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்களுக்கு அடுத்த வீடு சுசீலா ஆன்ட்டியின் வீடு. வார நாட்களில் அவர் ஒரு மருத்துவமனையின் முன்பதிவுத் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறார். அந்த வேலையை வீட்டில் இருந்தபடியே செய்யலாம். சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துபசரிப்புகளுக்கு நெறியாளராகப் போகிறார். மணமக்களை மேடைக்கு அழைப்பது, உறவினர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கேக் வெட்டச் சொல்வது, கடைசியில் எல்லாரையும் சாப்பிடப் போகச் சொல்வது, இதெல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கண் தெரியாது. மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாமலே போய்விடும்.

பள்ளி முடித்த பிறகு நான் நிறைய நேரம் வீட்டில்தான் இருந்தேன். எங்கள் வீட்டுச் சன்னலும் அவர்கள் வீட்டுச் சன்னலும் ஒரே நடைபாதையைப் பார்த்தபடி இருக்கின்றன. அதனால் அவர் ஒத்திகை பார்ப்பது எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அவருடைய கைப்பேசியில் ஒரு அப்டேட் வந்து, அதனால் அவர் மேடையையே இழக்க இருந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் எப்படி மேடையில் பேசுகிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி இப்போது எல்லாக் கைப்பேசியிலும் உண்டு. கண் தெரியாதவர்கள் அதை வைத்துத்தான் செய்தி படிப்பதும் பேருந்து எப்போது வரும் என்று பார்ப்பதும். ஆன்ட்டி நிகழ்ச்சி நிரலைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, ஒரு காதில் மட்டும் வயரை மாட்டிக்கொள்வார். தலையில் வைக்கும் மல்லிகைச் சரத்துக்குள் வயர் மறைந்துவிடும். காதில் அந்தக் குரல் படித்துக்கொண்டே போகும். இவர் ஒரு சொல் பின்னால் அதையே மைக்கில் சொல்லிக்கொண்டே போவார். குரல் “மணமகனின் தாய்மாமா” என்று முடிக்கும்போது இவர் வாயில் “மணமகனின்” இருக்கும். கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். நான் வீட்டில் செய்து பார்த்தேன். இரண்டு வரிகூடத் தாண்டவில்லை.

மனப்பாடம் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். வரவேற்புரையை அவர் மனப்பாடமாகத்தான் சொல்கிறார். பெயர்களை அப்படிச் செய்ய முடியாது. மண்டபத்து வாசலில் நிற்கும்போதுகூட யாராவது வந்து, இன்னொரு அத்தை வந்திருக்கிறார் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பிரெயிலும் அவருக்கு உதவவில்லை. முப்பது வயதுக்கு மேல்தான் அவருக்குப் பார்வை முழுதாகப் போனது. அதன் பிறகு கற்ற பிரெயிலில் அவர் விரல் மெதுவாகத்தான் ஓடும்.

அந்தக் காது வயருக்கு முன்பு அவர் பக்கத்தில் வெங்கட் அங்கிள் நிற்பார். வெங்கட் அங்கிள் அவருடைய கணவர், சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை. அவர் தாளைப் பார்த்துக் காதோரம் சொல்லுவார், ஆன்ட்டி மைக்கில் சொல்லுவார். வேலை நடந்தது. ஆனால் மண்டபத்தில் எல்லாரும் அங்கிளிடம்தான் பேசினார்கள். உங்க வைஃப் சாப்பிட்டாங்களா, உங்க வைஃபுக்குத் தண்ணி வேணுமா, அவங்களைக் கொஞ்சம் சுருக்கமாப் பேசச் சொல்லுங்க. ஒருமுறை பட்டம் ஒன்றைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஒருவர் கோபமாக வந்தார். ஆன்ட்டி கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, அவர் அங்கிளைத்தான் திட்டினார். ஆன்ட்டிக்கு அந்தத் திட்டுகூட வந்து சேரவில்லை. காதில் வயர் வந்த பிறகு அங்கிள் மேடையை விட்டு இறங்கினார். மேசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட ஆரம்பித்தார். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

காதில் பேசிய அந்தப் பழைய குரல் இனிமையான குரல் இல்லை. தகர டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பெண் பேசுவது போல இருக்கும். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. ஆனால் எங்கேயும் நிற்காது. அவருக்கு வேண்டியது அதுதான். குரல் சீராக ஓடினால் எங்கே நிறுத்துவது, எங்கே சிரிப்பது என்பதை இவர் பார்த்துக்கொள்வார்.

ஆன்ட்டியைப் போலக் கண் தெரியாத தமிழர்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். யாரும் தட்டுவதில்லை, எல்லாம் குரல் செய்திதான். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கைப்பேசிக்குப் புது அப்டேட் வந்தால் உடனே யாரும் தொடமாட்டார்கள். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை செய்யும் அர்ஃபான் என்பவரிடம் உபரியாக ஒரு கைப்பேசி இருக்கிறது. அவர் முதலில் அதில் போட்டுப் பார்ப்பார். சில நாள் ஓட்டிவிட்டு, தொடலாம் அல்லது தொடாதீர்கள் என்று குழுவில் சொல்வார். கண் தெரிந்தவர்களுக்கு அப்டேட் கெட்டுப்போனால் ஒரு படம் இடம் மாறும், ஒரு பொத்தான் காணாமல் போகும், ஒரு நாள் எரிச்சலோடு போய்விடும். இவர்களுக்குத் திரை முழுவதுமே காணாமல் போகலாம். அதனால் அர்ஃபானின் சொல்லுக்காக எல்லாரும் காத்திருப்பார்கள்.

அந்த வாரம் திங்கட்கிழமை ஆன்ட்டியால் காத்திருக்க முடியவில்லை. வேலைக்கு உள்ளே நுழையக் கைப்பேசியில் ஒரு செயலி ஒப்புதல் தர வேண்டும். அன்று காலை அது, உங்கள் கைப்பேசி பழைய பதிப்பில் இருக்கிறது, அப்டேட் செய்தால்தான் திறப்பேன் என்றது. ஆன்ட்டி தன் மேலதிகாரி அனிதாவைத் தொலைபேசியில் அழைத்தார். அனிதாவும் தெரிந்தவர்களைக் கேட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லை என்றார். தொலைபேசியில் நோயாளிகள் காத்திருந்தார்கள். ஆன்ட்டி அப்டேட்டை அழுத்திவிட்டார்.

கைப்பேசி அணைந்து எழுந்ததும் வேறொரு பெண் பேசினாள்.

நல்ல குரல். வானொலி அறிவிப்பாளர் போல இருந்தது. வாசல் வழியாக அதைக் கேட்ட என் அம்மா, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார். மனிதர் பேசுவது போலவே இருக்க வேண்டும் என்று பாடுபட்டுச் செய்திருக்கிறார்கள். அதுதான் தொல்லையாகப் போயிற்று. அந்தக் குரல் மூச்சு விட்டது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை தன் இஷ்டத்துக்கு நின்று யோசித்தது. பெயருக்கும் அதன் முன்னெழுத்துக்கும் நடுவே நின்றது. சிங்கப்பூரில் பெயர்களைத் தமிழில் தட்டி அனுப்புபவர்கள் குறைவு. “மணமகனின் சித்தப்பா” என்று தமிழில் போட்டுவிட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில் போடுவார்கள். பழைய குரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிடும். புதுக் குரல் ஆங்கில எழுத்தைக் கண்டதும் நின்றுவிடும். பெண் போய் ஒரு வெள்ளைக்கார ஆண் வந்து பெயரைச் சொல்லுவான். பிறகு அவன் போய் இவள் வருவாள்.

சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்து இருந்தது. மணமகள் ரோஷினி, என் வகுப்பில் படித்தவனின் அக்கா. அவள் அம்மா சாமுண்டீஸ்வரிதான் ஆன்ட்டியை ஏற்பாடு செய்திருந்தார்.

திங்கட்கிழமை மாலையே ஆன்ட்டி ஒத்திகை பார்த்தார். எனக்குச் சன்னலில் கேட்டது. “மணமகனின்” என்றார். அமைதி. “சித்தப்பா” என்றார். மறுபடி அமைதி. வெங்கட் அங்கிள் சிரித்துவிட்டார்.

“என்ன சுசி, இப்பதான் தமிழ் கத்துக்க ஆரம்பிச்ச மாதிரி இருக்கு.”

“நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க.”

அங்கிள் நடைபாதைக்கு வந்து நின்றார். உள்ளே திரும்பவும் “மணமகனின்” கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் ஆன்ட்டி டவுன்டவுன் ரயிலேறித் தேக்காவுக்குப் போனார். தனியாகத்தான் போவார், வெள்ளைக் கோல் போதும். கைப்பேசி பழுது பார்க்கும் கடை ஒன்று அங்கே உண்டு. பழைய பதிப்புக்குத் திரும்பப் போக முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் பார்த்துவிட்டு முடியாது என்றார். நிறுவனம் பழைய கதவைப் பூட்டிவிட்டதாம். புதுக் கைப்பேசி வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான்கைந்து எடுத்து வைத்தாராம். எதிலும் காது வயர் செருகும் ஓட்டை இல்லை. வயர் இல்லாத காதுக்கருவி ஆன்ட்டிக்கு ஆகாது. அதில் குரல் கொஞ்சம் தாமதித்து வரும், சில நேரம் விட்டுவிட்டும் வரும். புதுக் கைப்பேசியிலும் இதே புதுக் குரல்தான் இருக்கும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கைப்பேசியின் அமைப்புகளில் தேடி, மொழி மாறும் வசதியை அணைத்தார். அப்போது ஆங்கில எழுத்துப் பெயர்களை அந்தக் குரல் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பித்தது. வேகத்தைக் கூட்டினார். சொற்கள் குழைந்தன, மூச்சு மட்டும் அப்படியே இருந்தது. பெயர்களை எல்லாம் தமிழில் மாற்றிப் போட்டுப் பார்த்தார். வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆனால் அவள் நிற்பதை நிறுத்தவில்லை. நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதையும் அவளே, நடுவில் மூச்சு விட்டு, படித்துக் காட்டினாள்.

புதன்கிழமை ஆன்ட்டி சாமுண்டீஸ்வரியை அழைத்து நடந்ததைச் சொன்னார். மறைத்து வைத்துவிட்டு மேடையில் தடுமாறுவது அவருக்குப் பிடிக்காது. சாமுண்டீஸ்வரி கோபப்படவில்லை. அவர் கைவசம் உடனே ஒரு தீர்வு இருந்தது. அண்ணன் மகன் ரித்திக் நிகழ்ச்சி நடத்தும் நிறுவனத்தில் வேலை செய்கிறானாம், நன்றாகப் பேசுவானாம், அவன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பானாம்.

“சும்மா பக்கத்துல நிக்கட்டும் சுசீலா. உனக்கும் ஒரு தைரியம்.”

“சும்மா நிக்கிறவங்க சும்மா நிக்க மாட்டாங்க லா அக்கா.”

“அப்ப என்னதான் பண்றது, சொல்லு. கல்யாணம் என் பொண்ணுக்கு.”

ஆன்ட்டி வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். சாமுண்டீஸ்வரி கெட்டவர் இல்லை. ஆனால் ரித்திக் ஒருமுறை பக்கத்தில் வந்து நின்றால் என்ன ஆகும் என்பது ஆன்ட்டிக்குத் தெரியும். மண்டபம் அவனிடம் பேசும். அடுத்த கல்யாணத்துக்கு அவனையே நேராகக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால், கண் தெரியாத நெறியாளர் வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் ஆளையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு பரவும். வெங்கட் அங்கிளின் தோளிலிருந்து இறங்கி நிற்க அவருக்கு அவ்வளவு நாள் பிடித்தது. இப்போது இன்னொருவர் தோள்.

அன்று மாலை குழுவில் அர்ஃபானின் குரல் செய்தி வந்தது. அவர் உபரிக் கைப்பேசியில் போட்டுப் பார்த்திருக்கிறார், யாரும் தொட வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார். ஆன்ட்டி முன்பே தொட்டுவிட்டதைக் கேள்விப்பட்டு அவருக்கென்று தனியாக ஒன்றும் அனுப்பியிருந்தார். ஆன்ட்டி அதைச் சத்தமாகப் போட்டார்.

“நான் சொல்றதுக்கு முன்னாடி நீ ஏன் தங்கச்சி கைய வெச்சே? ரெண்டு நாள் பொறுக்க முடியலையா? இது மூச்சு விடுது, பெருமூச்சு விடுது, இன்னும் கொட்டாவி ஒண்ணுதான் விடல. அது பேசி முடிக்கிறதுக்குள்ள நம்ம பஸ் போயிடும்.”

வெங்கட் அங்கிளைச் சிரிக்க வைக்க, ஆன்ட்டி அந்தச் செய்தியை மறுபடி போட்டு, அர்ஃபானின் குரலுக்கு ஒரு சொல் பின்னால் அவரைப் போலவே பேசிக் காட்டினார். அதே இழுப்பு, அதே கோபம். அங்கிள் சிரித்தார். ஆன்ட்டி பாதியில் நிறுத்திவிட்டார். மீண்டும் முதலிலிருந்து போட்டார். இந்த முறை சிரிக்க வைப்பதற்காக இல்லை.

ஒரு இடத்திலும் அவர் நாக்கு தடுக்கவில்லை.

அர்ஃபானும் நின்று நின்றுதான் பேசியிருந்தார். ஆனால் அவர் எங்கே நிற்பார் என்பது கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வாக்கியம் எங்கே போகிறது என்று அறிந்த ஓர் ஆள் விடும் மூச்சு அது. புதுக் குரலுக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாது. மூச்சு விட வேண்டும் என்று மட்டும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் நிரலை ஒரு மனிதக் குரலில் பதிந்துவிடலாம். அங்கிள் உடனே முன்வந்தார். பட்டியலை வாங்கி நடைபாதை வரை கேட்கும்படி படித்துப் பதிந்தார். கிடங்கில் பெட்டி எண்ணைக் கூவுகிறவர் அல்லவா, மணமகனின் அத்தையையும் அப்படியே கூவினார். ஆன்ட்டி இரண்டு வரி கேட்டுவிட்டு வயரைக் கழற்றினார்.

“அத்தைய லாரியில ஏத்தப்போறீங்களா?”

“நல்லாத்தானே இருக்கு.”

“நல்லாதான் இருக்கு. ஆனா திரும்ப நீங்கதான் என் காதுல நிக்கிறீங்க.”

அங்கிள் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

ஆன்ட்டி தன் குரலிலேயே பதிந்தார். வாட்ஸ்அப்பில் தான் ஒருத்தி மட்டும் இருக்கும் ஒரு குழுவை உண்டாக்கினார். புதுக் குரல் ஒரு வரியைத் தத்தித் தத்திப் படிக்கும். அதைக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு, ஒரே ஓட்டமாகச் சொல்லித் தனக்கே ஒரு குரல் செய்தி அனுப்புவார். ஒரு குடும்பத்துக்கு ஒரு செய்தி. மொத்தமாக ஒரே பதிவாகப் போடாததற்குக் காரணம் உண்டு. கல்யாணத்தில் எதுவும் எழுதிய வரிசையில் நடக்காது. தனித்தனியாக இருந்தால் விரலால் தேடி முன்பின்னாக எடுத்துக்கொள்ளலாம். தன் குரலையே காதில் கேட்பது அவருக்கு முதலில் கூச்சமாக இருந்ததாம். நான் இவ்வளவு மூக்கால் பேசுகிறேனா என்று என் அம்மாவிடம் கேட்டார். அம்மா இல்லை என்றார். கொஞ்சம் உண்டுதான்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஒரு செய்தியிலிருந்து அடுத்ததற்கு விரலை நகர்த்தும்போது புதுக் குரல் நடுவில் புகுந்து, குரல் செய்தி, இத்தனை விநாடி என்று சொல்லும். ஆன்ட்டியின் வாய் காதில் விழுவதைச் சொல்லிப் பழகிய வாய். ஒத்திகையில் இரண்டு முறை, “மணமகளின் அத்தை திருமதி நிரஞ்சனா குரல் செய்தி” என்று கூப்பிட்டுவிட்டார். அதை வாயில் வராமல் தடுக்க வெள்ளிக்கிழமை முழுவதும் பழகினார். மாலையில் சாமுண்டீஸ்வரியை அழைத்து, ரித்திக் வேண்டாம் என்று சொன்னார். சாமுண்டீஸ்வரி, அவனை முதல் மேசையில் உட்கார வைக்கிறேன், கூப்பிட்டால் வருவான் என்றாராம். பாதி சம்மதம்தான்.

சனிக்கிழமை விருந்து ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் குடும்பமும் போயிருந்தோம். ரித்திக் முதல் மேசையில் இருந்தான், கூப்பிட்டால் எழுந்து வரத் தயாராகக் கோட்டைக் கழற்றவே இல்லை. ஆன்ட்டி பச்சைப் பட்டு கட்டி, நிறைய மல்லிகை வைத்திருந்தார். இடது கை கைப்பேசியோடு சேலை மடிப்புக்குள் இருந்தது.

வரவேற்புரை நன்றாகப் போனது. மணமக்கள் நடந்து வந்தார்கள், கேக் வெட்டினார்கள். பிறகு உறவினர்களை மேடைக்கு அழைத்துப் படம் எடுக்கும் நேரம் வந்தது. இதுதான் கஷ்டமான பகுதி. யாரை யாருக்கு முன்னால் கூப்பிடுகிறோம் என்பதில்தான் கல்யாண வீட்டுச் சண்டைகள் ஆரம்பிக்கும். மணமகன் வீட்டில் முதலில் பெரியப்பா சுப்பிரமணியம், அடுத்துச் சித்தப்பா ரமணன். மணமகனுக்கு அப்பா இல்லை என்பதால் பெரியப்பாதான் அந்த இடத்தில். அவர் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரிலிருந்து வர வேண்டும். கடற்பாலத்தில் நெரிசல், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று மணமகன் வந்து ஆன்ட்டியிடம் சொன்னார்.

ஆன்ட்டி மணமகள் வீட்டாரை முன்னால் இழுத்தார். நிரலில் பின்னால் இருந்ததை எல்லாம் விரலால் தேடி முதலில் எடுத்தார். பள்ளித் தோழிகளைக் கூப்பிட்டார், அலுவலக நண்பர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயரும் வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் மேசையில் வெங்கட் அங்கிள் முன்னால் வைத்த பலகாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மேடை ஒழுங்காகப் போகப் போகத்தான் ஒரு வாய் எடுத்தார்.

நடுவில் ஒருமுறை தப்பியது. நண்பர்கள் மேடையேறிக்கொண்டிருக்கும்போது, “பதினோரு விநாடி” என்று மைக்கில் வந்துவிட்டது. அங்கிளின் கை நின்றது. ரித்திக் நிமிர்ந்து பார்த்தான்.

“பதினோரு விநாடிதான் தருவேன், போட்டோகிராபர் தம்பி. பின்னாடி பெரிய வரிசை நிக்குது” என்றார் ஆன்ட்டி.

மண்டபம் சிரித்தது. படம் எடுப்பவர் ஓடினார். ரித்திக்கும் சிரித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தான்.

பெரியப்பா இன்னும் வரவில்லை. சமையல்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். மணமகள் வீட்டில் கூப்பிட யாரும் மிச்சமில்லை. சித்தப்பா ரமணன் மேடைக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு தயாராக நின்றார். ஆன்ட்டி மேடை ஓரத்தில் தனியாகத்தான் நின்றார், படத்துக்கு நின்றுகொண்டிருந்த மணமகனை நடுவில் போய்க் கேட்க முடியாது. அவரே தீர்மானித்து ரமணனைக் கூப்பிட்டார். ரமணன் குடும்பம் மேடையேறிப் படத்துக்கு நின்றபோது வாசலில் சுப்பிரமணியம் வந்து சேர்ந்தார். தம்பி மேடையில் நிற்பதை அவர் பார்த்தார். யாரோ ஓடி வந்து ஆன்ட்டியிடம் சொல்ல, அவர் பெரியப்பாவின் செய்தியைத் தேடி எடுத்து, முழுப் பட்டத்தோடு, மனைவி பெயரோடு, தாமதத்துக்குக் கடற்பாலத்தைக் குறை சொல்லி, அழகாக அழைத்தார். சுப்பிரமணியம் வந்து படத்துக்கு நின்றார். சிரிக்கவில்லை.

பந்தி ஆரம்பித்தது. ஆன்ட்டி மைக்கை வைத்துவிட்டு மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது சுப்பிரமணியம் அந்தப் பக்கம் வேகமாக வந்தார். யார் நெறியாளர் என்று ஒருவரைக் கேட்டார், அவர் கையைக் காட்டினார். நேராக ஆன்ட்டியின் முன்னால் போய் நின்றார்.

“ஏம்மா, மூத்தவன் நான் இருக்கேன். என் தம்பிய முதல்ல கூப்பிடுவியா நீ?”

“நீங்க வந்திருக்கல ஐயா. வந்ததும் கூப்பிட்டேன்.”

“ரெண்டு நிமிஷம் பொறுத்தா என்ன?”

“ரொம்ப நேரம் பொறுத்தேன் ஐயா. அதுக்குத்தான் பொண்ணு வீட்டையே முதல்ல முடிச்சேன்.”

“யார் சொல்லிக் கூப்பிட்டே? பையன் சொன்னானா?”

“யாரும் சொல்லல. நான்தான் முடிவு பண்ணேன்.”

எங்கள் மேசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெங்கட் அங்கிள் எழுந்துவிட்டார். ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பாமலே கையைத் தாழ்த்தி, உட்காருங்கள் என்று காட்டினார். அங்கிள் உட்கார்ந்தார்.

சுப்பிரமணியம் நிறுத்தவில்லை. பையனுக்கு அப்பா இல்லாத இடத்தில் தான்தான் அப்பா என்றார், ஜோகூரில் இப்படி நடக்காது என்றார். அவருக்குத் தம்பியோடு ஏதோ பழைய கணக்கும் இருந்தது போல, அதுவும் இடையில் வந்தது. ஆன்ட்டி கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் தண்ணீருக்காகப் பக்கத்து மேசையில் கையால் தடவினார். சுப்பிரமணியம் அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன். பேச்சு ஒரு சொல் தடுக்கியது. பிறகு திட்டிக்கொண்டே தண்ணீர்க் கோப்பையை நகர்த்தி அவர் கைக்குள் வைத்தார். விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தார். பாயசம் வரும்வரை போனது. சுற்றி யாரையும் அவர் துணைக்குக் கூப்பிடவில்லை, உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவும் இல்லை.

சாமுண்டீஸ்வரி வந்து ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டில் எல்லாரும் இப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றார் ஆன்ட்டி. அவர் முகத்தைப் பார்த்தால் திட்டு வாங்கியவர் போலவே இல்லை.

நாங்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறினோம். ஆன்ட்டி மல்லிகைச் சரத்துக்குள்ளிருந்து வயரை உருவிச் சுருட்டினார். கைப்பேசியில் அர்ஃபானின் செய்தி ஒன்று காத்திருந்தது, எப்படிப் போனது என்று கேட்டு. பிறகு பதில் சொல்கிறேன் என்று அதை அணைத்துவிட்டார்.

“அவ்வளவு நேரம் என்னதான் சொன்னாரு அந்தப் பெரியவரு?” என்று கேட்டார் அங்கிள். “நான் வரலாம்னுதான் எழுந்தேன்.”

“தெரியும். நாற்காலி சத்தம் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் உக்காரச் சொன்னே?”

“என்கிட்டதானே பேசிட்டு இருந்தாரு” என்றார் ஆன்ட்டி.

பிறகு கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, ஏம்மா மூத்தவன் நான் இருக்கேன் என்று ஆரம்பித்து, சுப்பிரமணியத்தின் குரலில், ஜோகூர் இழுப்போடு, திட்டியது முழுவதையும் முதலிலிருந்து சொல்லிக் காட்டினார். எதிர் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புக்கிட் பாஞ்சாங் வந்தபோது தண்ணீர்க் கோப்பை வரைக்கும்தான் வந்திருந்தார். மீதியை மின்தூக்கியில் சொன்னார்.